முள்ளுக் கரண்டில சாப்பிட்டா கணக்கு இல்ல

அந்தப் பைய மேல வைக்காதீங்க அண்ணாச்சி. மடியில வச்சுக்கோங்க. மேல வச்ச பை மேலயே இருந்ததா சரித்திரம் கெடையாது. பின்னாடி செவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் இருக்கான், பாருங்க. திரும்பாதீங்க, திரும்பாமப் பாருங்க. தூங்குற மாதிரி நடிக்கிறான். நெசமாத் தூங்குறவனுக்கு வாய் தொறந்திருக்கணும்ல?

நான் கோவில்பட்டிதான். பூவநாதன்னு பேரு. ஆயுசு பூரா பிரைவேட் பஸ்ல கண்டக்டர். படிப்பு கேக்காதீங்க, ஒம்பதாங்கிளாஸ் வாத்தியார் மாதிரி பேசிக் காட்டி, அவரு பின்னாடியே நின்னு கேட்டு, அன்னைக்கே டீசி. ஆனா டிக்கெட் எடுக்காதவன் எவன்னு பின்னந்தலைய வச்சே சொல்லிருவேன். என்னைய ஏமாத்தணும்னா இனிமேத்தான் ஒருத்தன் பொறந்து வரணும்.

அப்பேர்ப்பட்ட நான் அயர்லாந்து போய்ட்டு வந்தேன் அண்ணாச்சி. என்ன சிரிக்கிறீக? செருப்புல அந்த ஊர் மண்ணு கூட இன்னும் இருக்கு.

எம்மக செண்பகவல்லி அங்க நர்ஸு. ஒரே புள்ள. அவளுக்கு அருப்புக்கோட்டையில ஒரு எடம் பேசி வச்சிருந்தேன். தூரத்துச் சொந்தம், பையன் இஞ்சினியரு. ஜாதகம் பாத்தாச்சு, நான் வாக்கும் குடுத்தாச்சு. கை மட்டும் நனைக்கல. நம்ம பக்கம் தெரியும்ல, பொண்ணு குடுத்து எடுக்குற பேச்சு முடியுற வரைக்கும் அந்த வீட்ல காபிதான். எலையப் போட்டு ஒக்காந்து கைய நனைச்சிட்டா அம்புட்டுத்தான், சம்பந்தம் ஆயிப்போச்சு. அப்புறம் பேச்சு மாறுனா மனுசனே இல்ல. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. எங்கக்கா மகன் கழுகுமலையில பொண்ணு பாக்கப் போன எடத்துல ரெண்டு இட்லி தின்னுட்டு, வீட்டுக்கு வந்து “பொண்ணு கொஞ்சம் குள்ளம்”ங்கான். விட்டனா? நடுத்தெருவுல நிக்க வச்சு, “உப்புப் போட்ட பண்டம் ஒண்ணு தொண்டைக்குழி தாண்டிருச்சுல்ல, போ, போய்த் தாலியக் கட்டு”ன்னேன். கட்டுனான். இன்னைக்கும் எனக்கு ராமநாதபுரம் வத்தல் வாங்கிட்டு வருவான், நல்ல பய.

எங்க விட்டேன்? ஆங், செண்பா. கல்யாணம்னு போன்ல பேச்செடுத்தா, “பாக்கலாம்ப்பா”. மறுபடி எடுத்தா, “டியூட்டிக்கு நேரமாச்சுப்பா”. டிக்கெட் எடுக்காத ஆளு எப்படிப் பேசும்? “பின்னாடி எடுப்பாங்க, முன்னாடி எடுப்பாங்க”. அதே ராகம். எவனோ இருக்கான்னு எனக்குப் பட்டுருச்சு. எம்பொண்டாட்டி மாரிக்கனிகிட்ட சொன்னேன். பாவம், வெகுளி அவ. “அப்பிடின்னா நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்”னு சொல்லி அவளே பெட்டியக் கட்டுனா. கடலை மிட்டாய் ஒரு பொட்டலம், வெத்தல பாக்கு, மஞ்சக் கெழங்கு, குங்குமச் சிமிழு, ஒரு பட்டு ஜாக்கெட் துணி. “இதெல்லாம் எதுக்குட்டி?”ன்னு கேட்டா, “யாரு வீட்லயாவது தங்குவீக, வெறுங்கையோடயா போறது?” மரியாதை தெரிஞ்சவ.

அங்க கில்கென்னின்னு ஒரு ஊரு. பழைய ஊரு அண்ணாச்சி. கோட்டை, கோயிலு, கல்லுத்தெரு, எல்லாம் ராசா காலத்துது. செண்பா இப்ப டப்ளின்ல இருக்கா, ஆனா மொத வருசம் இந்த ஊரு ஆசுபத்திரியிலதான் வேல. “நான் தங்குன வீட்லயே தங்குவோம்ப்பா, ஊர் சுத்திப் பாக்கலாம்”னா. ரூமும் குடுத்து காலப் பலகாரமும் போடுற வீடு. வீட்டுக்கார அம்மா பேரு நோரா. எங்கள விட மூத்தவங்க, வெள்ளத் தல, வாசல்லயே நிக்காங்க. ஏன் நிக்காங்க? லாட்ஜ்காரன் என்னைக்கு வாசல்ல வந்து நின்னான்? எனக்கு அங்கயே சுருக்குன்னுச்சு.

“மிஸ்டர் பூவா, யூ ஆர் வெரி வெல்கம், ஹவ் வாஸ் த ட்ரெய்ன், கிராண்ட்?” அந்தம்மாவுக்கு எல்லாமே கிராண்டு. மழை பேஞ்சா கிராண்டு, நின்னா கிராண்டு. குரல் எப்படின்னா, கோழிக்கு அரிசி போடுற குரல். நான் அன்னைக்கே புடிச்சிட்டேன். ரூமுக்குள்ள போயி செண்பாகிட்ட, “மிஸ்டர் பூவா, கிராண்ட்?”னு சொல்லிக் காட்டுனேன், புள்ள கட்டில்ல விழுந்து சிரிச்சா.

பெட்டியில இருந்து மாரிக்கனி குடுத்துவிட்டத எடுத்தேன். செண்பா ஒரு தட்டு கொண்டாந்தா. “தட்டுல வச்சுக் குடுங்கப்பா. ரெண்டு கையால குடுங்க.” குடுத்தேன். நோராம்மா ரெண்டு கையால வாங்கி, ஜாக்கெட் துணியக் கன்னத்துல வச்சுக்கிட்டுக் கண்ணு கலங்குறாங்க. ஒரு முழம் துணிக்கா கண்ணு கலங்கும்? இதுல என்னமோ இருக்குன்னு, அன்னைக்கு ராத்திரி பெட்டிக்குப் பூட்டப் போட்டு சாவிய அரணாக்கொடியில கட்டிக்கிட்டேன்.

அந்தம்மாவுக்கு ஒரு மகன். கீரன். நம்ம நக்கீரன்ல பாதி. நெட்டையா, காது செவந்து, துவச்சுக் காயப்போட்ட மாதிரி ஒரு ஆளு. என்ன வேலன்னு கேட்டேன், வேன் ஓட்டுறானாம். சின்ன பஸ்ஸு, சுத்திப் பாக்க வர்றவங்கள ஏத்திக்கிட்டுப் போறது. டிரைவர்! அம்புட்டுத்தான், எனக்கு உசுரு வந்துருச்சு. தெரியாத ஊர்ல ஒரு டிரைவர் கெடைச்சா நமக்குச் சொந்தக்காரன் கெடைச்ச மாதிரி. மறுநா காலையில மொத ஆளா ஏறி முன் சீட்ல ஒக்காந்தேன். வாயில ரெண்டு விசில் குடுத்தேன். “டூ விசில், கோ. ஒன் விசில், ஸ்டாப்.” டக்குனு புடிச்சிக்கிட்டான். அதுக்கப்புறம் அந்த வண்டி என் விசிலுக்குத்தான் நகரும்.

ஒரு விசயம் மட்டும் உறுத்துச்சு. எதிர்ல எந்த வண்டி வந்தாலும் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலத் தூக்குறான். எதிர்ல வர்றவனும் தூக்குறான். நம்ம லைன்ல அதுக்கு என்ன அர்த்தம்? முன்னாடி செக்கிங் நிக்குது, உசாருன்னு அர்த்தம். “செக்கிங்?”னு கேட்டேன். “நோ நோ, ஜஸ்ட் ஹலோ”ங்கான். தெரியாதவனுக்கு எதுக்குடா ஹலோ? நான் வழியெல்லாம் எட்டி எட்டிப் பாத்தேன், ஒரு செக்கிங்கும் வரல. இன்னமும் எனக்கு நம்பிக்க இல்ல.

கோட்டைக்குப் போனோம். நீளமா ஒரு ஹாலு, சுவரு பூரா செத்துப்போன துரைமாரு படம். எங்க நின்னாலும் நம்மளயே பாக்குது. அத்தன பயலும் பாஸ் வச்சிருக்குற மொகம். அங்க ஒரு கைடு, தாடி வச்சவன், பாடுற மாதிரிப் பேசுறான். பேசுறது எல்லாருக்கும், பாக்குறது எம்மகள. முடிச்சுட்டு அவ கையில ஒரு தாளக் குடுத்தான். புடுங்கிப் பாத்தேன். ஊர் வரைபடம். ஆனா அதுல ஒரு எடத்துல பேனாவால வட்டம் போட்டிருக்கு! என்ன எடம்னு கேட்டா, நல்ல மீனு கெடைக்கும் ஓட்டலுங்கா. மீனா? யாருக்கு யாரு தூண்டில் போடுறா?

எனக்கு ஒத்தையா எத்தன பேரக் கண்காணிக்க முடியும்? ஆளு வேணும். செண்பா அந்தப் பக்கம் ரோசாப்பூத் தோட்டத்தப் படம் புடிச்சிக்கிட்டு இருக்கா. நான் கீரனத் தள்ளிக்கிட்டுப் போனேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். “யூ டிரைவர். மீ கண்டக்டர். ஒன் பேமிலி. மை டாட்டர், சம் பாய் இருக்கு. யூ வாட்ச். யூ டெல் மீ. சீக்ரட்.” அவனுக்குக் காதுல ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் செவந்துருச்சு. ரகசிய வேலன்னா பயப்படத்தான் செய்வான், பச்சப் புள்ள. “ஐ வில் டெல் யூ, சார்”னான். கை குடுத்தான்.

சாயங்காலம் கேட்டேன், “எனி பாய்?” “ஒன்லி மீ, சார்”ங்கான்!

எனக்குச் சிரிப்புத் தாங்கல அண்ணாச்சி. அந்த நேரத்துலயும் என்ன ஜோக்கு அடிக்கிறான் பாருங்க. முதுகுல ஒண்ணு வச்சேன். மறுநா கேட்டேன், மறுபடி, “ஒன்லி மீ, சார்.” மறுபடி சிரிச்சேன். இம்புட்டுத் தமாசுக்காரப் பயலுக்கு எவன் பொண்ணு குடுக்கப் போறானோன்னு செண்பாகிட்டயே சொன்னேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

பெரிய சர்ச்சுக் கோயில் பக்கத்துல ஒரு உருண்டக் கோபுரம். உள்ள ஏணி மாதிரி மரப்படி, செங்குத்தா. பாதியில எனக்குக் கால் ஆடுது. கீழ பாத்தா, கீரன் எனக்கு அடியில வந்துக்கிட்டே என் குதிகாலு ரெண்டையும் ஒவ்வொரு படியிலயும் புடிச்சு வைக்கிறான். எதுக்குடா காலப் புடிக்கிறான்னு சந்தேகம். செருப்பு புதுசு பாருங்க. உச்சிக்குப் போற வரைக்கும் விரல இறுக்கி மடக்கியே வச்சிருந்தேன்.

சாப்பாடா? ராத்திரிக்கு வெளிய. ஆட்டுக்கறிக் கொழம்புன்னு குடுத்தான், பத்தியக் கொழம்பு. உருளக்கெழங்கு, கேரட்டு, தண்ணி. மொளகா ஊரையே விட்டு ஓடிப்போன மாதிரி இருக்கு. ஆனா காலையில நோராம்மா வீட்ல... அது வேற. முட்ட, கொத்துக்கறிய கொடல்ல அடைச்சுப் பொரிச்சது, கருப்பா ரொட்டி, வெண்ண. அப்புறம் வட்ட வட்டமா, கருப்பா ஒண்ணு. வாயில போட்டேன். அடப்பாவி! ரத்தப் பொரியலு! நம்ம ரத்தப் பொரியல வட தட்டுன மாதிரி தட்டி வச்சிருக்காங்க. எதோட ரத்தம்னு கேக்கல. நல்லா இருக்குற பண்டத்த விசாரிக்கக் கூடாது. அந்தம்மா போட்டுக்கிட்டே இருக்காங்க. எதுக்கு ஒரு ஆளுக்கு இம்புட்டுப் போடுறாங்கன்னு சந்தேகத்தோடதான் தின்னேன்.

மாரிக்கனி தெனம் போன். “சாப்டீகளா?” சாப்ட்டேன். “வெளியிலயா, அந்தம்மா வீட்லயா?” வீட்லதான். “அவங்க கையாலயா போட்டாங்க?” ஆமாட்டி. “வயிறாரச் சாப்டுங்க.” எம்மேல அம்புட்டுப் பாசம் அவளுக்கு. ஊர்ல இருந்தா இப்பிடிக் கேக்க மாட்டா.

அந்தக் கண்டக்டரப் பாத்தீகளா? அந்தக் கெழவிக்குச் சில்லற குடுக்காம நகருறான். ஏப்பா! ஆங், குடு. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

கெளம்புற அன்னைக்குக் காலையில கீழ வந்தா, மேசையில பூப்போட்ட தட்டு. நோராம்மா எப்பவும் நின்னுக்கிட்டே பரிமாறுவாங்க, அன்னைக்கு ஒரு நாற்காலிய இழுத்து ஒக்காந்துட்டாங்க. கீரன் கோட்டு சூட்டு. கழுத்துல டை, தூக்கு மாட்டுன மாதிரி. “என்னடே, ஆருக்குக் கல்யாணம்?”னு தமிழ்லயே கேட்டேன். செண்பா சேல கட்டிக்கிட்டு வந்தா. மாம்பழக் கலரு. ஊர்ல தீபாவளிக்குக் கட்ட மாட்டேன்னு சண்ட போட்ட அதே சேல. நான் என்ன நெனச்சேன்? தாடிக்கார கைடு பயலப் பாக்கப் போறான்னு நெனச்சேன்! “தின்னுட்டு வந்து கவனிச்சுக்கிறேன்”னு குனிஞ்சவன், தட்டு காலி ஆகுற வரைக்கும் நிமுரல.

போன் அடிச்சுச்சு. செண்பா அதத் தண்ணிச் செம்புல சாய்ச்சு என் முன்னாடி வச்சா. மாரிக்கனி. பட்டுச் சேல, தல நெறையப் பூவு.

“சாப்டீகளா?”

“சாப்ட்டேன்.”

“வயிறாரயா?”

“ஏப்பம் வந்துருச்சு.”

“உப்புக் காரம்?”

“காரம் எங்க? உப்பு இருந்துச்சு.”

“அப்பச் சரி. கை நனைச்சாச்சு. இனிப் பேச்சு மாறக் கூடாது”ங்கா. சொல்லிட்டு அங்குட்டுப் பாத்து, “நோராம்மா, வணக்கம்மா”ங்கா. அந்தம்மா இங்க ரெண்டு கையும் கூப்புறாங்க! கூப்புற மொறையே சொல்லுது, ரெண்டு பேரும் பல நாள் பழக்கம்.

கீரன் எந்திரிச்சு நிக்கான். செண்பா தரையப் பாக்குறா.

ஒன்லி மீ சார்.

எனக்குக் காது அடைச்சிருச்சு அண்ணாச்சி. ஆனா நான் கண்டக்டரு, சட்டம் பேசாம விடுவனா? மொதல்ல, “இது வீடு இல்ல, லாட்ஜு. லாட்ஜ் சாப்பாடு கணக்குல வராது”ன்னேன். “ஒரு பைசா அவங்க வாங்கலப்பா”ங்கா செண்பா. “சோறே போடலயே, ரொட்டிதான!” அங்க இருந்து மாரிக்கனி, “உப்புப் போட்ட பண்டம் தொண்டைக்குழி தாண்டிருச்சான்னு உங்கக்கா மகனக் கேட்டது ஆரு?”ங்கா. எனக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி. முள்ளுக் கரண்டிய எடுத்துத் தூக்கிக் காட்டுனேன். “இந்தா! இதுல சாப்ட்டேன்! கை எங்க நனைஞ்சுச்சு? கையே நனையல! முள்ளுக் கரண்டில சாப்பிட்டா கணக்கு இல்ல!”

நோராம்மா பதறிட்டாங்க. முட்ட சரியா வேகலன்னு சண்ட போடுறேன்னு நெனச்சு, உள்ள ஓடி இன்னொரு முட்டையோட வாறாங்க.

செண்பா மெதுவாச் சொன்னா, “ப்பா, ரத்தப் பொரியலக் கையால எடுத்துத்தான சாப்டீங்க. வெரல நக்குனீங்க.”

கையப் பாத்தேன். அஞ்சு வெரலும் எண்ணெய்ல மினுங்குது.

எந்திரிச்சு நடந்துட்டேன். வாசலத் தாண்டி, ரோட்டோட. மழை. செண்பா வாசல்ல இருந்து கத்துனா, “எனக்கு நிமோனியா வந்தப்ப கஞ்சி காச்சி ஊட்டுனது இந்தம்மாதான்ப்பா! நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல!” நான் திரும்பல. எப்பிடித் திரும்புறது? அருப்புக்கோட்டையில வாக்குக் குடுத்தவன் நானு. நாளைக்கு எம்மூஞ்சில முழிப்பானா எவனும்? அது மட்டுமா? பஸ்ஸுப் பொழப்பு என்னோட போகட்டும்னுதான் அந்தப் புள்ளயப் படிக்க வச்சேன். கண்டக்டர் மக, டிரைவரப் பாத்துப் புடிச்சிருக்கா!

நடக்கேன், நடக்கேன். பின்னாடி ஒரு வண்டி. முந்தல. திரும்பாமலே தெரியுது, டீசல் சத்தத்துல ஆளச் சொல்லிருவேன்ல. என் நடைக்குத் தக்கன மெதுவா வருது. அது பின்னாடி ஒரு காரு. அது பின்னாடி ஒரு டிராக்டரு. கோயில் தேரு கணக்கா இழுத்துக்கிட்டுப் போறேன் தெருவ. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கூட ஹாரன் அடிக்கல அண்ணாச்சி! நம்ம ஊரா இருந்தா இந்நேரம் எங்காத்தாள இழுத்திருப்பான். இவனுக எல்லாரும் அவனுக்குச் சொந்தமா, இல்ல ஊரே கூட்டுச் சதியா?

ஆனா எனக்கு ஒண்ணு தாங்காது. நம்மளால டிராபிக் நிக்கக் கூடாது. ஆயுசு பூரா “உள்ள போ, உள்ள போ”ன்னு கத்துன வாயி. அதனால ஏறுனேன். அதுக்காக மட்டுந்தான். முன் சீட்ல ஒக்காரல, கடைசி சீட்டு.

அவன் கண்ணாடியத் திருப்பி என்னையப் பாத்தான். மெதுவாச் சொன்னான், எனக்குப் புரியுற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா. “யூ சே நோ, ஐ டேக் யூ டு ஸ்டேஷன். செண்பா ஸேஸ், நோ பாதர், நோ வெட்டிங்.” அம்புட்டுத்தான். கெஞ்சல, கால்ல விழல, வீராப்பு பேசல.

நான் வேண்டாம்னா அவ கட்ட மாட்டாளாம். அப்பிடிச் சொல்லியிருக்கா. எங்கிட்ட அத அவ சொல்லல பாருங்க.

சிக்னல்ல நிக்கோம். செவப்பு போயி பச்ச விழுந்துருச்சு. அவன் எடுக்கல. கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு இருக்கான். பின்னாடி டிராக்டரு நிக்குது. மறுபடி செவப்பு. மறுபடி பச்ச. பச்சையில வண்டி நிக்கிறத எந்தக் கண்டக்டர் பாத்துக்கிட்டு இருப்பான் அண்ணாச்சி? என்னைய அறியாம, வாயி அதுவா, ரெண்டு விசில் அடிச்சிருச்சு.

அவன் மூஞ்சியப் பாக்கணுமே. வண்டிய எடுத்துக்கிட்டே அழுகுறான். நான் பச்சைக்கு அடிச்சேன்யா! அவன் கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டான். வீட்டுக்கு வந்தா நோராம்மா என்னையக் கட்டிப் புடிச்சு, “கிராண்ட், கிராண்ட்”ங்காங்க, மொத தடவ அந்தக் குரல்ல கோழி இல்ல.

சம்மதமா? நான் எங்க சம்மதிச்சேன்? சம்மதம்னு இந்த வாயால ஒரு வார்த்த சொன்னனா? கேளுங்க எவனையும். தெனம் ராத்திரி அவனுக்குப் போன் போடுறேன்னா, அது கண்காணிப்பு. ஆளக் கண்ணு மறைய விடக் கூடாது. மாரிக்கனிக்குப் பாஸ்போர்ட்டுக்குக் குடுத்திருக்குன்னா, அவளத் தனியா வீட்ல விட இனிமே எனக்கு நம்பிக்க இல்ல, அதுக்கு. எங்கிட்டயே வேல காட்டுனவ.

பந்தல்குடி வந்துருச்சா? அப்ப அடுத்தது அருப்புக்கோட்டைதான். அந்த வீட்டுக்குத்தான் போறேன். போன்ல சொல்லிரலாம்னு மாரிக்கனி சொன்னா. நாந்தான் மாட்டேன்னேன். வாக்க நேர்ல குடுத்தவன் நேர்லதான் போயி திருப்பி வாங்கணும். திட்டுவாங்க. திட்டட்டும். நீங்க பக்கத்துல இருந்ததுல பேசிக்கிட்டே வந்துட்டேன்.

மொதக் கேள்வி என்ன கேப்பாங்கன்னு தெரியும். எங்க இஞ்சினியர வேண்டாம்னு சொல்லிட்டு எவனப் புடிச்சிருக்கன்னு கேப்பாங்க. சொல்லுவேன், என்ன வெக்கம்? டிரைவருன்னு சொல்லுவேன். மழைத்தண்ணி, கல்லு ரோடு, தெருவுக்குத் தெரு வளைவு, அத்தனையிலயும் ஒரு தடவ கூட அந்தப் பய சடன் பிரேக் போடலய்யான்னு சொல்லுவேன்.